நான்குக்குப் பதில் நாற்பத்தைந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். கேபிள் வழியாக இன்டர்நெட் கொடுக்கிற சின்ன ஆபரேட்டர்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதும், பழுது வந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, கொண்டலாம்பட்டி, அப்புறம் மலைமேல் ஏற்காடு, நாகலூர் வரைக்கும் போய் வருவேன். உங்கள் பத்திரிகையைப் பல வருடமாகப் படிக்கிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வாரம் ஆன்லைன் மோசடி பற்றி நீங்கள் போட்ட செய்தியில் "ஐபி முகவரியை வைத்து ஆளைக் கண்டுபிடித்தனர்" என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஐபி முகவரி என்பது இன்டர்நெட் இணைப்புகளுக்குக் கொடுக்கும் எண். அது போலீஸ் கைக்குக் கிடைப்பதற்கும் ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்படுவதற்கும் நடுவில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. எந்த முகவரி, எந்த வாடிக்கையாளருக்கு, எந்த நேரத்தில் என்று ஆபரேட்டர் வைத்திருக்கும் டேட்டாபேஸ்தான் அது. அதற்குள் முகவரியை எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதே இல்லை. அதில் நடந்த ஒரு தப்பால், ஒன்றுமே செய்யாத ஒரு மனுஷன் மலைக்கும் சேலத்துக்குமாக மூன்று நாள் அலைந்ததை நான் கூட இருந்தே பார்த்தேன்.

ஏற்காட்டில் ஒரு அண்ணன். கொஞ்சம் காப்பித் தோட்டம், அதோடு சுற்றுலா வருகிறவர்கள் தங்க இரண்டு அறை கட்டி விட்டிருக்கிறார். டிசம்பர் மாதம், காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருக்கிற நேரம். கீழேயிருந்து போன் வந்தது, உங்கள் இன்டர்நெட்டிலிருந்து ஒருவரின் பணத்தை ஏமாற்றி எடுத்திருக்கிறார்கள், வந்து விளக்கம் சொல்லுங்கள் என்று. பறித்த பழத்தை அப்படியே களத்தில் போட்டுவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தார். வழியிலேயே எனக்குப் போன் போட்டார். "தம்பி, அந்த லைனை மாட்டிக் கொடுத்தது நீங்கதானே, என்னமோ நம்பர் சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியலைங்க" என்றார். அவர் குரலில் இருந்த நடுக்கம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

போலீஸ் மேல் தப்பில்லை. அவர்கள் முறைப்படி ஆபரேட்டரிடம் எழுதிக் கேட்டார்கள், ஆபரேட்டர் அலுவலகம் கொடுத்த பெயரை நம்பினார்கள். ஆபரேட்டர் யாரென்று இங்கே சொல்லப் போவதில்லை, அவரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. உண்மையான முகவரியை எழுதுவது சரியில்லை என்பதால், எடுத்துக்காட்டுக்கென்றே உலக அளவில் ஒதுக்கி வைத்திருக்கும் 203.0.113 என்ற தொகுதியை வைத்துச் சொல்கிறேன்.

போலீஸ் கேட்டது 203.0.113.4 யாருடையது என்று. அலுவலகத்துப் பையன் டேட்டாபேஸில் அதையே தட்டித் தேடினான். ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், அந்த இணைப்பைப் பதிவு செய்த வேறொரு ஊழியர், எல்லாம் மூன்று மூன்று இலக்கமாக வரிசையாகத் தெரியட்டும் என்று 203.0.113.004 என்று எழுதி வைத்திருந்தார். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முகவரி எழுதும் அந்தக் கட்டத்தை, ஃபீல்டு என்போம், வெறும் எழுத்து வகையாக, அதாவது வார்கார் என்று வைத்திருந்தார்கள். எழுத்தாகப் பார்த்தால் "4" வேறு, "004" வேறு. சரி, முழுதாகத் தேடினால் வரவில்லையே, தொடக்கத்தை வைத்துத் தேடலாம் என்று "203.0.113.4 என்று ஆரம்பிக்கிறதெல்லாம்" என்று அவன் தேடினான். ஒரே ஒரு வரி வந்தது, 203.0.113.45. நாற்பதிலிருந்து நாற்பத்தொன்பது வரைக்கும் அந்தச் சமயத்தில் கொடுக்கப்பட்டிருந்தது அது ஒன்றுதான். பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதி அனுப்பிவிட்டான். அதுதான் மலை மேல் இருந்த அண்ணன்.

நான்குக்குப் பதில் நாற்பத்தைந்து. நான் போய் அந்த டேபிளைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. அதை எழுதிக் கொடுத்து, அவர்கள் சரிபார்த்து, அண்ணனை அனுப்பி வைக்க மூன்றாம் நாள் சாயங்காலம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கஷ்டமான சங்கதி இல்லை.

203.0.113.4 என்று நாம் எழுதுவது நம் வசதிக்காக. கம்ப்யூட்டருக்கு அது ஒரே எண், 32 பிட் நீளமுள்ளது. பிட் என்றால் 0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம். அதை எட்டு எட்டு பிட்டாக நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரை ஒரு எண்ணாக எழுதி, நடுவில் புள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான். அந்த முகவரியையே ஒரே எண்ணாக எழுதினால் 3405803780. ஆக, புள்ளி வைத்து எழுதுவது அந்த முகவரியின் உச்சரிப்பு மாதிரி. ஒரே பெயரை ஒருவர் நெடிலாகவும் இன்னொருவர் குறிலாகவும் எழுதுவதுபோல இதையும் பல விதமாக எழுத முடியும், எழுதுகிறார்கள். டேட்டாபேஸில் உச்சரிப்பைச் சேமித்து வைத்தால் நாளைக்குத் தேடும்போது உச்சரிப்பைத்தான் தேட வேண்டிவரும்.

முன்னால் சுழியம் போடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பழைய வழக்கத்தில் எழுதப்பட்ட சில நிரல்கள் சுழியத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாகப் படிக்கும், அதாவது பத்து பத்தாக எண்ணாமல் எட்டு எட்டாக எண்ணும். அப்படிப் படித்தால் 045 என்பது நாற்பத்தைந்து ஆகாது, முப்பத்தேழு ஆகிவிடும். ஒரே வரியை ஒரு மென்பொருள் ஒரு வீடாகவும் இன்னொரு மென்பொருள் வேறொரு வீடாகவும் படிக்கும். இந்தக் குழப்பத்துக்காகவே பைத்தான் என்ற நிரல் மொழியில் முகவரிகளைக் கையாளும் பகுதி 2021-ல் மாற்றப்பட்டது, சுழியத்தில் தொடங்கும் பாகம் வந்தால் இப்போது அது ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இதற்கெல்லாம் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ரொம்ப நாளாகவே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்று இலவசமாகக் கிடைக்கும் டேட்டாபேஸில் முகவரிக்கென்றே தனி வகைகள் உண்டு. ஐநெட் என்று ஒன்று, சைடர் என்று ஒன்று, நெட்வொர்க் கார்டு எண்ணுக்கு மேக் வகை. ஐநெட் வகையில் ஃபீல்டை வைத்தால் அதற்குள் முகவரி மட்டும்தான் நுழையும். 203.0.113.400 என்று யாராவது தட்டினால் அங்கேயே நின்றுவிடும். "ஸ்டாட்டிக், ராஜா சொன்னது" என்றெல்லாம் குறிப்பு எழுத முடியாது. எந்த வடிவத்தில் உள்ளே போனாலும் ஒரே வடிவத்தில்தான் வெளியே வரும். நான் இதுவரை சொன்ன 32 பிட் முகவரிக்கு ஐபிவி4 என்று பெயர், அதைவிட நீளமான புதிய வகை ஐபிவி6. எட்டு பிட் ஒரு பைட்டு. ஐபிவி4 முகவரிக்கு 7 பைட்டும் ஐபிவி6 முகவரிக்கு 19 பைட்டும் பிடிக்கும், ஆகவே இடமும் மிச்சம்.

ஐநெட்டுக்கும் சைடருக்கும் என்ன வித்தியாசம் என்று என்னோடு வேலை செய்யும் பையன்களே அடிக்கடி கேட்பார்கள். ஊர்க் கணக்கை வைத்துத்தான் அவர்களுக்குச் சொல்வேன். கிராமத்தில் புல எண் 112 என்றால் மொத்தப் புலம், 112/3 என்றால் அதன் உட்பிரிவு. ஐபி முகவரியிலும் சாய்கோடு வரும், ஆனால் அர்த்தம் வேறு. 203.0.113.32/27 என்றால், இடது பக்கத்திலிருந்து 27 பிட் தெருவுக்குச் சொந்தம், மிச்சம் 5 பிட் அந்தத் தெருவில் உள்ள வீடுகளுக்கு. 5 பிட் என்றால் 32 எண், அதாவது 32 முதல் 63 வரை. தபால் பின்கோடு மாதிரி என்றும் சொல்லலாம். 636 என்று தொடங்கினாலே சேலம் பக்கம் என்று தெரிந்துவிடும், 636601 என்றால் ஏற்காடு. முன்பகுதி இடத்தைச் சொல்கிறது, பின்பகுதி அதற்குள் உள்ளதைச் சொல்கிறது. முன்பகுதி எங்கே முடிகிறது என்பதைத்தான் அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் சொல்கிறது.

சைடர் வகை தெருவை மட்டும் வைத்துக்கொள்ளும். 203.0.113.45/27 என்று அதில் தட்டினால், வீட்டு எண்ணையும் சேர்த்து எழுதியிருக்கிறாய், இது தெரு மட்டும் எழுதும் இடம் என்று ஏற்க மறுத்துவிடும். ஐநெட் வகையில் அதே 203.0.113.45/27 தாராளமாகப் போகும், வீடும் இருக்கும், அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் கூடவே இருக்கும். ஆபரேட்டருக்கு இரண்டும் வேண்டும். எந்தப் பகுதிக்கு எந்தத் தொகுதி என்று ஒதுக்கும் டேபிளில் சைடர், எந்த வாடிக்கையாளருக்கு எந்த முகவரி என்ற டேபிளில் ஐநெட்.

நான் சொன்ன அந்த ஆபரேட்டர், மலைக்கென்று ஒதுக்கியிருந்ததே 203.0.113.32/27 தொகுதியைத்தான். 0 முதல் 31 வரை அம்மாப்பேட்டைப் பக்கம். வகை சரியாக இருந்திருந்தால், "இந்த முகவரி எந்தத் தொகுதிக்குள் வருகிறது" என்று ஒரே வரியில் கேட்டிருக்கலாம், போஸ்ட்கிரெஸில் அதற்கென்றே குறியீடு இருக்கிறது. 4 என்பது மலையில் இருக்கவே முடியாது என்று அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். எழுத்தாக வைத்ததால் அந்தக் கேள்வியையே கேட்க முடியவில்லை. எழுத்து வரிசையில் கேட்டால் விபரீதமான பதில்தான் வரும். 203.0.113.96 முதல் 203.0.113.127 வரை உள்ளதைக் கொடு என்று எழுத்து ஃபீல்டில் கேட்டுப் பாருங்கள், ஒரு வரிகூட வராது. 9 என்ற எழுத்து 1 என்ற எழுத்துக்குப் பின்னால் வருவதால், தொடக்கமே முடிவுக்குப் பின்னால் போய்விடும். வரிசைப்படுத்தினாலும் அப்படித்தான், 10 முன்னால் வரும், 9 பின்னால் வரும்.

சிலர் வேறொரு யோசனை சொல்வார்கள், முகவரி ஒரு எண்தானே, எண்ணாகவே வைத்துவிடலாமே என்று. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருக்கிறவர்கள் ரொம்ப காலமாக அப்படித்தான் செய்கிறார்கள், புள்ளி வடிவத்தை எண்ணாக மாற்றவும் திரும்ப மாற்றவும் அதிலேயே வசதி இருக்கிறது. தொகுதிக்குள் வருகிறதா என்று பார்ப்பது அதில் சுலபம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் குறியில்லாத எண் வகையைத்தான், அதாவது கழித்தல் எண்களுக்கு இடம் ஒதுக்காத வகையைத்தான் எடுக்க வேண்டும். சாதாரண எண் வகை 2147483647 வரைதான் தாங்கும், நான் மேலே சொன்ன 3405803780 அதில் அடங்காது. 128-ல் தொடங்கி அதற்கு மேலே உள்ள எல்லா முகவரிகளும் அந்த எல்லைக்கு வெளியே. அதோடு சாய்கோட்டு எண்ணுக்குத் தனி ஃபீல்டு வேண்டும், ஐபிவி6 வந்தால் எண் வகையில் கொள்ளவே கொள்ளாது, 16 பைட்டு பைனரியாக வைக்க வேண்டும். மரியாடிபி என்ற டேட்டாபேஸில் 10.5 பதிப்பிலிருந்து ஐநெட்6 என்று தனி வகையே வந்துவிட்டது. இருப்பதில் எது கைக்கு எட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும், எழுத்தாக மட்டும் வைக்க வேண்டாம்.

இணைப்புக் கணக்குக்குப் பல ஆபரேட்டர்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருள் ஃப்ரீரேடியஸ். அதோடு வரும் டேபிள் அமைப்பையே பார்த்தால் இந்த வித்தியாசம் புரியும். மைஎஸ்க்யூஎல்லுக்கான அமைப்பில் வாடிக்கையாளருக்குக் கொடுத்த முகவரி 15 எழுத்து, போஸ்ட்கிரெஸுக்கான அமைப்பில் அதே ஃபீல்டு ஐநெட். ஒரே வேலை, ஒரே மென்பொருள், எந்த டேட்டாபேஸ் என்பதைப் பொறுத்து முகவரி எழுத்தாகவோ முகவரியாகவோ ஆகிவிடுகிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் பிரச்சினையில்லை. நம் ஊரில் யாரோ எப்போதோ போட்டுக் கொடுத்ததை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த 15 எழுத்து விஷயத்தில் எனக்கு ரொம்பக் கவலை. ஐபிவி4-க்கு அதிகபட்சம் 15 எழுத்துதான், அதனால் அந்த அளவு. ஆனால் 32 பிட் என்றால் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான், உலக அளவில் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. செல்போன்களில் இப்போது ஐபிவி6 சர்வ சாதாரணம். அதில் ஒரு முகவரி 128 பிட், முழுதாக எழுதினால் 39 எழுத்து. பழைய அமைப்பில் மைஎஸ்க்யூஎல் கண்டிப்பில்லாத முறையில் ஓடிக்கொண்டிருந்தால், 15 எழுத்துக்கு மேல் உள்ளதை வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும் எங்கோ பதிவாகும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் போலீஸ் கேட்கும்போது பாதி முகவரிதான் இருக்கும்.

ஐபிவி6-ல் எழுதும் விதமும் ஏராளம். 2001:0:0:0:0:0:0:1 என்று எழுதலாம், நடுவில் உள்ள சுழியங்களைச் சுருக்கி 2001::1 என்றும் எழுதலாம், ஒவ்வொரு பாகத்தையும் நான்கு இலக்கமாக நீட்டியும் எழுதலாம், மூன்றும் ஒரே முகவரி. இதில் ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும், பெரிய எழுத்தாகவும் வரும் சின்ன எழுத்தாகவும் வரும். எப்படிச் சுருக்கி எழுத வேண்டும் என்று 2010-ல் ஒரு பொது விதியே கொண்டுவந்தார்கள், ஆனாலும் எல்லாக் கருவியும் அதைப் பின்பற்றுவதில்லை. வார்கார் ஃபீல்டில் இவை மூன்றும் மூன்று பேர்.

ரௌட்டரின் மேக் எண்ணிலும், அதாவது கருவிக்கே கொடுத்திருக்கும் அடையாள எண்ணிலும், இதே கதைதான். ஒரு கம்பெனிப் பெட்டியில் 08:00:20:01:02:03 என்று இருக்கும், இன்னொன்றில் கோடு போட்டு 08-00-20-01-02-03, வேறொன்றில் 0800.2001.0203. ஸ்டாக் புத்தகத்தில் பையன் பெட்டியைப் பார்த்து அப்படியே எழுதுவான். மேக் வகையில் ஃபீல்டு இருந்தால் மூன்றையும் வாங்கிக்கொண்டு முதல் வடிவத்தில் திருப்பித் தரும். தங்கும் விடுதி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இன்றைய செல்போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை மேக் எண்ணைக் காட்டுகின்றன, ஆண்ட்ராய்டில் பத்தாம் பதிப்பிலிருந்து அதுதான் வழக்கம். அதனால் அதை மட்டும் எழுதி வைத்துவிட்டு ஆளை எழுதி வைத்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

வகையை மாற்றினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மாற்றிப் பார்த்துவிட்டு யாராவது என்னைத் திட்டுவார்கள். ஐநெட்டில் 203.0.113.4 என்று மட்டும் எழுதினால் அது /32 என்று கொள்ளப்படும், தனி வீடு. 203.0.113.4/27 என்று எழுதியது அதற்குச் சமமாகாது, தெரு விவரமும் சேர்ந்திருப்பதால் இரண்டும் வேறு என்றுதான் டேட்டாபேஸ் சொல்லும். எனவே ஒரு டேபிளில் எல்லாவற்றையும் ஒரே முறையில் வைக்க வேண்டும், அல்லது ஒப்பிடும்போது வீட்டை மட்டும் பிரித்துத் தரும் ஹோஸ்ட் என்ற செயல்கூற்றைப் பயன்படுத்த வேண்டும். அப்புறம் சைடரில் சுருக்கி எழுதும் பழக்கம் ஆபத்து. 192.168 என்று மட்டும் தட்டினால் அது 192.168.0.0/24 என்று எடுத்துக்கொள்ளும், /16 என்று அல்ல. நாம் 65536 முகவரி என்று நினைத்திருப்போம், அது 256 என்று புரிந்துகொண்டிருக்கும். 1993-க்கு முன்னால் முகவரிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருந்த காலத்து வழக்கம் அது, இன்னும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. சாய்கோட்டையும் எண்ணையும் முழுதாக எழுதுங்கள்.

இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது, உங்கள் செய்தியில் வந்த வரிக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. இன்று சின்ன ஆபரேட்டர்கள் பலரிடம் வீட்டுக்கொரு வெளிமுகவரி கொடுக்கக் கையிருப்பில்லை. உள்ளே 100.64.0.0/10 என்ற தொகுதியிலிருந்து ஒரு முகவரி கொடுப்பார்கள், 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய தொகுதி அது. வெளியே போகும்போது நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே முகவரியில் போகும், ஒரே முகவரியில் போகும் தொடர்புகளைப் பிரித்துக் காட்ட போர்ட் எண் என்று ஒன்று உண்டு, எந்த போர்ட் எண் வழியாகப் போனது என்பதை வைத்துத்தான் எந்த வீடு என்று பிரிக்க முடியும். அப்படியானால் வெளிமுகவரியை மட்டும் எழுதிக் கேட்டால் பதில் சொல்லவே முடியாது. முகவரி, போர்ட் எண், நேரம், மூன்றும் வேண்டும். போர்ட் எண் 65535 வரை போகும், அதைச் சின்ன எண் வகையில் வைத்தால் 32767-க்கு மேல் ஏற்காது, இதிலும் ஒருவர் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

நேரம் என்று சொன்னேன் அல்லவா, அங்கேயும் வகை முக்கியம். வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து வரும் விவரத்தில் நேரம் பெரும்பாலும் யுடிசியில் இருக்கும், அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம். மார்ச் 3 இரவு 7 மணி 10 நிமிடம் என்று அதில் இருந்தால் நமக்கு அது மார்ச் 4 நள்ளிரவு 12 மணி 40 நிமிடம், தேதியே மாறிவிடுகிறது. டேட்டாபேஸில் நேர மண்டலத்தோடு சேர்ந்த நேர வகை இருந்தால் அது தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். நேரத்தையும் எழுத்தாக வைத்தால், அல்லது எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் வைத்தால், ஐந்தரை மணி நேரம் முன்னால் அந்த முகவரியை வைத்திருந்த வேறொரு வீட்டுக்காரர் பெயர் வரும். மின்வெட்டு வந்து ரௌட்டர் அணைந்து எழுந்தாலே முகவரி கைமாறுகிற இடங்கள் மலையில் நிறைய, ஐந்தரை மணி நேரத்தில் எத்தனை கை மாறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவில் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை அரசின் நேரச் சர்வரோடு பொருத்தி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது, நல்ல உத்தரவுதான். ஆனால் 180 நாள் பதிவையும் எழுத்தாகக் கொட்டி வைத்தால், கேட்கும்போது தொடக்கத்தை வைத்துத் தேடி, வந்ததை எழுதி அனுப்பும் நிலைமைதான் மறுபடியும் வரும்.

சேலத்தைச் சுற்றி எத்தனையோ என்ஜினீயரிங் கல்லூரி, பாலிடெக்னிக் இருக்கின்றன. அங்கிருந்து வரும் பிள்ளைகளை நான் வேலைக்கு எடுக்கிறேன், நல்ல பிள்ளைகள், சொன்னால் கப்பென்று பிடித்துக்கொள்கிறார்கள். டேட்டாபேஸ் பாடத்தில் மாணவர் பெயர், மதிப்பெண், துறை என்று டேபிள் போட்டுப் பழகியிருக்கிறார்கள். முகவரிக்கு ஒரு வகை இருக்கிறது என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள். நெட்வொர்க் பாடத்தில் தெரு, வீடு என்று பிரிக்கும் அந்தச் சப்நெட் கணக்கை நன்றாகப் போடுகிறார்கள், டேட்டாபேஸ் பாடத்தில் அதே முகவரியை வார்கார் என்று எழுதுகிறார்கள். இரண்டு ஆசிரியர்கள் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு ஆய்வக வகுப்பு நடத்தினால் போதும் என்று நினைக்கிறேன். பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண் எழுதியிருக்கும் நம்ம ஊர்த் தெருவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புரிய அரை மணி நேரம் ஆகாது.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐபி முகவரி கிடைத்தது, ஆள் கிடைத்தார் என்று எழுதும்போது, அந்த முகவரி ஒரு இணைப்பைத்தான் காட்டுகிறது, அதுவும் நேரமும் போர்ட் எண்ணும் சரியாக இருந்தால்தான் காட்டுகிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஒரு வீட்டு வைஃபையில் விருந்தாளி, பக்கத்து வீட்டுப் பையன், தோட்டத்து மேஸ்திரி என்று எத்தனை பேர். விடுதி என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த அண்ணனைப் பொங்கலுக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். காப்பி கொடுத்தார். களத்தில் கிடந்த பழத்தில் கொஞ்சம் பூஞ்சை பிடித்துவிட்டதாம், அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. விருந்தாளிகளுக்கு வைஃபை கொடுப்பதை நிறுத்திவிட்டார். நான் எண் தப்பாகப் போனதை மறுபடி விளக்கப் போனேன். "நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க தம்பி, நாலு எது நாப்பத்தஞ்சு எதுன்னு ஊருக்கு யார் போய்ச் சொல்றது, நான் ஸ்டேஷனுக்குப் போனதுதான் அவங்களுக்குத் தெரியும்" என்றார். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்விட்டார்.

அந்த ஆபரேட்டரின் டேபிளை அந்த மாதமே மாற்றினோம். வகையை மாற்றச் சொல்லி உத்தரவு கொடுத்ததும் பாதியிலேயே நின்றது, முகவரியாக இல்லாத வரி ஒவ்வொன்றையும் காட்டிக் கொடுத்தது. புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைத்தது, பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரே ஃபீல்டில் இரண்டு முகவரி எழுதியது, எல்லாம் வெளியே வந்தன. ஒவ்வொன்றாக வாடிக்கையாளருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சரி செய்தோம். மூன்று இராத்திரி வேலை. அந்த 004-ம் இப்போது 4 ஆகிவிட்டது.

சேலத்திலும் மலையிலும் இப்படி எழுத்தாக வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிற ஆபரேட்டர்கள், விடுதிக்காரர்கள், கல்லூரி ஆய்வகத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை கிடையாது. உங்கள் டேபிளின் ஒரு நகலோடு வந்தால் உட்கார்ந்து மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம். என் தொலைபேசி எண்ணை இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், பத்திரிகையில் போட வேண்டாம், கேட்டு வருகிறவர்களுக்கு உங்கள் சேலம் அலுவலகத்தில் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்பாளர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.